பூங்கா ஊஞ்சலைச் சோதிக்க வேண்டியது யார்?

வணக்கம். எங்கள் பகுதிப் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி மாட்டிய கொக்கி தேய்ந்து பாதிக் கனம்தான் மிச்சம். சறுக்கு மரத்தின் ஓரத் தகடு பெயர்ந்து நிற்கிறது. போன ஞாயிறு என் மகளின் முழங்காலைக் கிழித்துவிட்டது. கீழே மணல்கூட இல்லை, வெறும் சிமெண்ட் தரை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

விளையாட்டுச் சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐரோப்பாவின் இஎன் 1176 தரநிலையில் அன்றாடப் பார்வை, 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு சோதனை, அப்புறம் ஆண்டுக்கு ஒரு முழு ஆய்வு என்று இருக்கிறது. இங்கே கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், அது தெரியும். கேள்விகளை எப்படி எழுதுவது? பராமரிப்புப் பதிவேட்டின் நகலையும் கேட்கலாமா? இப்படி மனு போட்டவர்களிடம் மாதிரி மனு இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அதுவரை அந்த ஊஞ்சலையாவது கழற்றி வைக்க யாரிடம் போய்ச் சொல்வது?