பழைய கார்டு, புது மதர்போர்டு: ஸ்லாட்டில் உட்கார்ந்தும் தகராறு செய்த கதை, உங்களுக்கு என்ன நடந்தது?

ஊட்டிவர்க்கி:
கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து எடை போடுகிற இடத்தில் டாஸில் ஓடும் பழைய பில் மென்பொருள், பேரலல் போர்ட் (பழைய அகலமான பிரிண்டர் இணைப்பு) வைத்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மீதி உங்களுக்கே தெரியும். மதர்போர்டு போய்விட்டது. மாற்றிய போர்டில் பேரலல் போர்ட் இல்லை, ஆனால் கார்டு செருகுகிற பழைய வகை பிசிஐ ஸ்லாட் ஒரே ஒன்று இருந்தது. வேறொரு சிபியூவில் கழற்றிய பேரலல் கார்டு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பிரிண்டரைப் போட்டதும் தலை ஒரு தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அதோடு சரி. அப்புறம் என்ன தட்டினாலும் அசையவில்லை. வெளியே தூறல், மூட்டைகளோடு வரிசை நீண்டுகொண்டே போகிறது. முன்னால் நின்ற தாத்தா சத்தமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, கையிலயே எழுதிக் குடுத்துரு. மூட்டைக்குள்ள கொழுந்து சூடாகுது." திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்த மென்பொருள் 378 என்ற ஹெக்ஸ் முகவரிக்கு நேராக எழுதுகிறது. பிசிஐ கார்டுக்கோ பயாஸ் (போர்டை எழுப்புகிற மென்பொருள்) தன் இஷ்டத்துக்கு வேறு முகவரி கொடுக்கிறது. தபால் ஒரு வீட்டுக்குப் போகிறது, ஆள் இன்னொரு வீட்டில் குடியிருக்கிறார். கார்டோடு டாஸ் யுட்டிலிட்டி வந்தாலும் அது எல்பிடி1 என்ற பிரிண்டர் போர்ட்டின் பெயரைத்தான் புது முகவரிக்குத் திருப்பும். பெயரைக் கேட்காமல் நேராக 378க்குப் போகிறவனை யார் நிறுத்துவது?

பேரிஜம்:
எனக்குக் கொடைக்கானலில். அண்ணன் மகளுக்குப் புது சிபியூ சேர்த்தோம், கிராபிக்ஸ் கார்டு மட்டும் 2009 வாக்கில் வாங்கிய பழசு. பேன் சுற்றுகிறது, கீபோர்டில் நம்லாக் விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. கழற்றலாம் என்று கை வைக்கும்போது திடீரென்று விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்கிறது! ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி கறுப்பு, மறுபடி விண்டோஸ். பயாஸ் திரையை மட்டும் அந்தக் கார்டு கடைசிவரை காட்டவில்லை. "சித்தப்பா, இது பல் விளக்குறத யாருக்கும் காட்டாது போல" என்றாள்.

அந்தக் காலத்துக் கார்டில் இருக்கிற ரோமுக்குப் (கார்டிலேயே பதிந்த தொடக்க நிரல்) பழைய பயாஸ் முறை மட்டுமே தெரியும். பயாஸின் புது வாரிசான யூஇஎஃப்ஐ திரையைக் காட்ட ஜிஓபி என்ற ஒரு சின்ன டிரைவர் கார்டிலேயே இருக்க வேண்டும். பழைய பயாஸ் மாதிரி நடிக்க வைக்கிற சிஎஸ்எம்மை ஆன் செய்தால் பழைய முறையில் எழும், ஆனால் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். புது போர்டுகள் சிலவற்றில் சிஎஸ்எம் என்ற வரியே கிடையாது. விண்டோஸ் தன் டிரைவரை ஏற்றிய பிறகுதான் கார்டுக்குக் கண் திறக்கிறது. பயாஸுக்குள் போக போர்டின் எச்டிஎம்ஐயில் வயரைச் செருகித்தான் வேலை பார்த்தேன்.

டால்பின்நோஸ்:
பேரிஜம் அண்ணா, உங்கள் கதையில் ஸ்லாட்டுக்கு என்ன சம்பந்தம்? உங்கள் கார்டு உட்கார்ந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் 2003ல் வந்தது, முதல் தலைமுறைக் கார்டு இன்றைய ஸ்லாட்டிலும் பேசும். ஒரே ஒரு லேன் (டேட்டா போகிற பாதை) உள்ள அந்தத் தலைமுறைக் கார்டை 16 லேன் ஸ்லாட்டில் போட்டாலும் ஓடும், அதன் விநாடிக்கு 250 எம்பி வேகத்தில். உங்களுடையது பயாஸ் தகராறு.

ஸ்லாட் தகராறு என்றால் எக்ஸ்பிரஸுக்கு முந்தைய கிராபிக்ஸ் ஸ்லாட்டான ஏஜிபிதான். கூடலூரில் நண்பர் ஒருவரின் பிரவுசிங் சென்டர். 1.5 வோல்ட் மட்டும் ஏற்கும் போர்டு. பழைய 3.3 வோல்ட் கார்டு அதில் நுழையவே கூடாது, அதற்காகத்தான் காடியை வேறு வேறு இடத்தில் வெட்டி வைத்தார்கள். எங்களிடம் வந்த கார்டில் இரண்டு பக்கமும் வெட்டு இருந்தது, உள்ளே இருந்ததோ 3.3 வோல்ட் சிப். ஸ்விட்சைப் போட்டதும் சத்தம்கூட இல்லை, வாசனை மட்டும். பக்கத்து சிஸ்டத்தில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான், காசு கொடுக்காமல். கார்டு பிழைத்தது, போர்டு போனது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

பேரிஜம்:
சம்பந்தம் உண்டு அண்ணே. ஸ்லாட்டில் உட்கார்ந்தால் ஓடும் என்று நம்பித்தானே எல்லோரும் பழைய கார்டைத் தூக்கி வருகிறோம்?

கொடநாடு:
எஸ்டேட்டில் மழைமானி, காற்றுமானிக்கு ஒரு சீரியல் கார்டு, பிசிஐ. புது போர்டிலும் பிசிஐ ஸ்லாட் இருக்கிறதே என்று வாங்கினோம். 2011ல் இன்டெல் 6 வரிசை சிப்செட் (போர்டின் மையச் சிப்) வந்தபோதே பெரும்பாலானவற்றில் பிசிஐயை எடுத்துவிட்டார்கள். அதன்பின் நாம் பார்க்கிற பிசிஐ ஸ்லாட் பலவற்றுக்குப் பின்னால் எக்ஸ்பிரஸிலிருந்து மொழிபெயர்க்கிற பிரிட்ஜ் சிப் ஒன்று இருக்கிறது. எங்கள் பிரிட்ஜ் சிப் காலையில் ஒழுங்காகத்தான் பேசும். மதியத்துக்கு மேல் மழைக் கணக்கு வராது. ஜூலையில், அதுவும் கொட்டுகிறபோது! லினக்ஸ் பதிவைத் திறந்தால், 16ஆம் நம்பர் இன்டரப்டை (கார்டு பிராசஸரைக் கூப்பிடுகிற மணி) யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் மூடிவிட்டேன் என்று ஒரு வரி. வெளியே பேய்மழை, உள்ளே பூஜ்யம் என்று நிற்கிற கட்டம். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இர்க்போல் (irqpoll) என்று பூட் வரியில் சேர்த்ததும் நிற்காமல் ஓடியது, சிஸ்டம் கொஞ்சம் மந்தமாக.

தேயிலைத்தூள்:
என் கதை சின்னது. மேட்டுப்பாளையத்தில் ஓடிய சவுண்ட் கார்டு குன்னூருக்கு வந்து ஒரு மழைக்காலம் அலமாரியில் இருந்துவிட்டு ஓட மறுத்தது. மலை ஈரம், காண்டாக்ட் மேல் படலம். பென்சில் ரப்பரால் தேய்த்ததும் சரி.

மற்றவர்களுக்குச் சில விஷயங்கள். வர்க்கி சார், கார்டைத் தேடுவதற்கு முன் போர்டில் எல்பிடி என்று அச்சடித்த பின் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் எச்81, எச்110 சிப்செட் போர்டுகளில் நிறைய இருக்கும், பின்னால் போர்ட்தான் வைத்திருக்க மாட்டார்கள். பிராக்கெட்டோடு கேபிள் தனியாகக் கிடைக்கும். அது போர்டின் சொந்த போர்ட், பயாஸில் 378 என்றே வைக்கலாம். கொடநாடு சார், உங்கள் போர்டிலும் சீரியல் போர்ட்டுக்கான பின் வரிசை காம் என்ற பெயரில் இருக்கலாம். ஆனால் காம் கேபிளில் பின் வரிசை இரண்டு விதம், வெளியே ஒரே மாதிரி தெரியும், மாற்றிப் போட்டால் பேசாது. 64 பிட் விண்டோஸ் போடுகிறவர்கள் முதலில் டிரைவரைத் தேடுங்கள், 32 பிட் டிரைவர் அதில் ஏறவே ஏறாது, பழைய கார்டு பலவற்றுக்கு லினக்ஸில்தான் வாழ்வு. எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஏதோ ஒரு ஸ்லாட் செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள், சில போர்டுகளில் இரண்டும் லேனைப் பங்கு போடும், மேனுவலில் குட்டி எழுத்தில் இருக்கும். கழற்றிய கார்டை சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் வையுங்கள், இந்த ஊரில் சும்மா வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஊட்டிவர்க்கி:
பின் வரிசை இருக்கிறது சார், டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிளுக்குக் கோவையில் சொல்லியிருக்கிறேன்.

டால்பின்நோஸ்:
தேயிலைத்தூள், ரப்பர் போட்டால் தங்க முலாம் போகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால்தான் முறை.

தேயிலைத்தூள்:
பென்சில் ரப்பர் என்றேன் அண்ணா, மை அழிக்கிற ரப்பர் என்றா சொன்னேன்? அதுவும் அழுத்தாமல். அந்த சவுண்ட் கார்டு இன்னும் பாடுகிறது.