புதுப்பிப்பு: 47 வயதில் வந்த அந்தக் கோபம்

மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன்: காரணமே இல்லாத எரிச்சல், நள்ளிரவில் வியர்த்து விழிப்பு, மகளிடம் கத்திவிட்டுத் தனியாக அழுகை. டாக்டரைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். போனேன்.

தைராய்டு சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.2, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. மற்றதெல்லாம் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டம் என்றார். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. அதற்கு முந்தைய சில வருடங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும். தூக்கமும் மனசும் கூடவே ஆடும். இதை அன்றைக்கு என் அம்மாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அவரை நாங்கள் 'சிடுமூஞ்சி' என்றோம். இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

ஆனால் எல்லாமே ஹார்மோன் இல்லை. இருபது வருடமாக விழுங்கிய பேச்சும் உள்ளே இருந்தது. போன வாரம் கணவரிடம் கத்தாமல் சொன்னேன்: "ஞாயிறு காலை மட்டும் நான் சமைக்கலைங்க, நடக்கப் போறேன்." சரி என்றார். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்று தோளில் சாய்ந்துகொண்டாள்.

அப்புறம், சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறேன். பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று.