வயலினோடு லப்டொப்: காலால் இயக்க எந்தப் பெடல் நல்லது?

வயலின்காரி (உவர்மலை):
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நின்றபடி வயலின் வாசிக்கிறேன். பக்கத்தில் லப்டொப்பில் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் ஓடும். ஹம்ஸத்வனியில் நாலு ஆவர்த்தனம் வாசித்து, அதிலுள்ள லூப்பரில் (பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி) பிடித்துச் சுழலவிட்டு, அதன்மேல் ஸ்வரம் வாசிப்பேன். இப்போது தோழி ஒருத்தி பக்கத்தில் இருந்து மவுஸைத் தட்டுகிறாள். தாளம் தொடங்கும் சமத்துக்கு அரை அட்சரம் பிந்தினாலும் லூப் முழுக்கத் தாளம் நொண்டுகிறது. என் காலே அதைச் செய்ய வேண்டும். உப்புவெளி ஹோட்டல்களில் செருப்போடு நிற்கலாம், கோயில் மேடையில் வெறுங்கால். அங்கே கரண்டும் அடிக்கடி போகும். பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010, கீத் மெக்மில்லன் சாஃப்ட்ஸ்டெப் என்ற இரண்டு கால்பெடல் பலகைகளையும் யோசிக்கிறேன். எது?

நிலாவெளிக் கீபோட்:
தங்கச்சி, எத்தனை சுவிட்ச் என்பதைப் பிறகு பார்க்கலாம். லூப்பரில் ஒரு பெரிய பட்டன் இருக்கிறதே, உங்கள் வேலையில் பெரும்பகுதியை அது ஒன்றே செய்யும். முதல் மிதிப்பில் பதியும், அடுத்த மிதிப்பில் லூப் மூடிச் சுழலும். டக் டக்கென்று இரண்டு தரம் மிதித்தால் நிற்கும். ஓடும்போது அழுத்திப் பிடித்தால் கடைசியாகச் சேர்த்தது நீங்கும். இதற்கு மிதித்ததும் விட்டதும் இரண்டுமே லப்டொப்புக்குத் தெரிய வேண்டும், அதாவது மொமெண்டரி சுவிட்ச். லாட்சிங் வகை ஒரு மிதிப்புக்கு ஆன், மறு மிதிப்புக்கு ஆஃப். பிடித்திருப்பது அதற்குத் தெரியாது.

கீபோட் சஸ்டெய்ன் பெடல் மொமெண்டரிதான். மிதித்தால் சிசி 64 என்ற மிடி செய்தியில் (மிடி என்பது இசைக் கருவியும் லப்டொப்பும் பேசும் மொழி) 127 போகும், விட்டால் 0. சின்ன மிடி கீபோட்டின் பின்னால் குத்தி, லைவில் கண்ட்ரோல்+எம் அமுக்கி, பட்டனைத் தொட்டு, பெடலை மிதித்தால் சரி. பியானோ வடிவப் பெடலாக வாங்குங்கள், வெறுங்காலுக்கு அகலமான தகடு சுகம். கீபோட்டை ஆன் செய்யும்போது பெடலில் கால் வைக்காதீர்கள்; பல கீபோட்கள் அந்த நேரத்தில்தான் பெடலின் போக்கைப் பார்க்கும், பிறகு எல்லாம் தலைகீழாக வேலை செய்யும்.

எஃப்சிபி1010 உறுதியானது, ஆனால் அதில் யூஎஸ்பி இல்லை. லப்டொப்போடு இணைக்கத் தனி மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும், கரண்டும் சுவரிலிருந்துதான் வர வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் இடைவெளியில் அது அணைந்துவிடும். சாஃப்ட்ஸ்டெப்புக்கு லப்டொப்பின் பேட்டரியே போதும், ரப்பர் பட்டைகள் பாதத்தை உறுத்தாது. இரண்டில் ஒன்று என்றால் உங்களுக்கு அதுதான்.

வயலின்காரி (உவர்மலை):
மிக்க நன்றி அண்ணா. பின்னணிச் சுருதியின் சத்தத்தைக் குறைக்க எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் சாய்த்துக் கூட்டிக் குறைப்பது) வேண்டாமா?

நிலாவெளிக் கீபோட்:
உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது அருமை. நிற்பவர் குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றி அமுக்கினால் முழுப் பாரமும் மற்றக் காலில் விழும், உடம்பு சாயும். நீண்ட வில்லில் அந்த ஆட்டம் கேட்கும்! உங்கள் வில்லைக் கெடுக்கிற எதையும் காலடியில் வைக்க விடமாட்டேன். சுருதியின் சத்தம் இறங்குவதை லைவ் கிளிப்பில் ஆட்டோமேஷனாக (தானே மாறும் கோடாக) வரைந்து வையுங்கள், இரண்டாவது பெடல் அந்தக் கிளிப்பைத் தொடங்கட்டும்.

மூதூர் சால்டரிங்:
இரண்டாவது பெடலை நாமே செய்யலாம் அக்கா. ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகைகளில் லியோனார்டோ நேரடியாக யூஎஸ்பி மிடியாகப் பேசும், பழைய ஊனோ (ஆர்3) அப்படிப் பேசாது. ஒரு மிதிப்பு இரண்டாக விழாமல் இருக்க அதன் நிரலில் டீபவுன்ஸ் எழுதவேண்டும், அது சில வரிதான். ஒன்று மட்டும்: நம் கடற்காற்றில் சுவிட்சின் உள்தகடு பச்சை பிடிக்கும். கச்சேரி முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தகரப் பெட்டி வேண்டாம், அதுவே துருப்பிடிக்கும். வயரிங் படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், இன்று இரவே வரைந்து போடுகிறேன்.