மறு: டெராஃப்ளாப்ஸுக்குத் தமிழ் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஆட்டக்கருவி அட்டவணையில் ஹார்டுவேர் பவருக்கு "வன்பொருள் சக்தி" வேண்டாம் என்று போன வாரமே முடித்துவிட்டோம். பள்ளிப் பாடநூலில் எனர்ஜி என்றால் ஆற்றல், பவர் என்றால் திறன். நடுவில் சக்தியை நுழைத்தால் பூசாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

மிச்சம் டெராஃப்ளாப்ஸ். கருவி நொடிக்கு எத்தனை மிதவைப்புள்ளிக் கணக்கு, அதாவது தசம எண் கணக்கு, போடும் என்பதே அது. டெரா நம் எண்ணில் இலட்சம் கோடி. பிளேஸ்டேஷன் 4-க்கு (2013) 1.84, பிளேஸ்டேஷன் 5-க்கு (2020) 10.28. "மிதவைப்புள்ளிச் செயற்பாட்டு வீதம்" என்று ஒருவர் அனுப்பியிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். "கணிதிறன்" போதும் என்கிறேன்.

குன்னூரிலிருந்து

---

> "கணிதிறன்" போதும் என்கிறேன்.

போதாது அண்ணா. அண்ணன் மகன் நேற்று கேட்ட கேள்வி இது: "அத்தை, எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் 2017-இல் வந்தது, 6 டெராஃப்ளாப்ஸ். சீரிஸ் எஸ் 2020-இல் வந்தது, 4. புதுசு எப்படி மட்டமாச்சு?"

மட்டமாகவில்லை. 2023-இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் ஆட்டம் சீரிஸ் எஸ்-இல் ஓடுகிறது, ஒன் எக்ஸில் நேரடியாக ஓடாது. இத்தனைக்கும் நினைவகம்கூட ஒன் எக்ஸில் 12 ஜிபி, எஸ்-இல் 10 தான். ஆனால் எஸ்-இன் மையச் செயலி வேறு தலைமுறை. வன்தட்டு போய் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி வந்தாயிற்று. ஒவ்வொரு கணக்கிலும் கூடுதல் வேலை வாங்கும் வரைகலைச் சில்லு. இதில் எதுவும் அந்த 4-க்குள் தெரியாது.

பிளேஸ்டேஷன் 5-இன் 10.28 எப்படி வந்தது என்று பாருங்கள். 36 கணிப்புத் தொகுதி, ஒவ்வொன்றிலும் 64 கணிப்பான், சில்லின் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக 2 கணக்கு, நொடிக்கு அதிகபட்சம் 223 கோடி துடிப்பு. பெருக்கிக்கொள்ளுங்கள். யாரும் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்து அளந்ததல்ல, காகிதத்தில் போட்ட கணக்கு. ஏட்டுச் சுரைக்காய்!

அதனால் இதற்கு "ஏட்டுத்திறன்", ஆட்டத்தில் உண்மையில் கிடைப்பதற்குக் "களத்திறன்". இரண்டு சொல் இருந்தால்தான் அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல முடியும்.

கோத்தகிரியிலிருந்து

---

அம்மா, களத்திறனை எடுத்துக்கொள்கிறேன். ஏட்டுத்திறனில் எனக்குச் சம்மதமில்லை. கலைச்சொல்லுக்குள் கிண்டல் இருக்கக் கூடாது. நாளைக்கு ஒரு பொறியாளர் தன் அறிக்கையில் அதை எழுதக் கூசுவார்.

எண்ணின் மேல் என்ன குற்றம்? மேட்டுப்பாளையத்திலிருந்து நம் ரயிலைத் தள்ளிக்கொண்டு வரும் நீராவி எஞ்சின் குன்னூரில் கழன்றுகொள்ளும், ஊட்டிக்கு டீசல் எஞ்சின் கொண்டு போகும். அந்த டீசலின் குதிரைத்திறன் பொய்யா? இல்லை. ஆனாலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் 12-க்கு 1 ஏற்றம். பல்சக்கரம் இல்லாத எஞ்சினுக்கு அங்கே வேலையில்லை. பாதை மாறினால் ஒப்பீடு செல்லாது, அவ்வளவுதான்.

ஒரே பாதையில் ஒப்பிடுங்கள், எண் நேர்மையாகவே பேசும். 2013-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு 1.84, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 1.31. இரண்டின் வரைகலைச் சில்லும் ஒரே குடும்பம். பல ஆட்டங்களின் படத் தெளிவில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

(பழைய கதை ஒன்று: அந்தக் காலத்தில் இதே சண்டை பிட்டுக்கு, அதாவது சில்லு ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவுக்கு, நடந்தது. 1993-இல் அட்டாரி ஜாகுவாரை 64 பிட் என்று விற்றார்கள். மறுவருஷம் வந்த 32 பிட் பிளேஸ்டேஷன் அதைத் தூக்கிச் சாப்பிட்டது.)

என் பரிந்துரை "உச்சக் கணிதிறன்". அதிகபட்சம் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

குன்னூரிலிருந்தே, இன்னொருவன்

---

சரிங்க ஐயா, அட்டவணைத் தலைப்பில் "உச்சக் கணிதிறன்" போட்டுவிட்டேன். சீரிஸ் எஸ் வரிசைக்குக் கீழே மட்டும் "வேறு கட்டமைப்பு, முந்தைய தலைமுறையோடு நேராக ஒப்பிட வேண்டாம்" என்று ஒரு குறிப்பு. ஏட்டுத்திறனை என் வீட்டுப் பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன், அதைத் தடுக்க முடியாது.

அடுத்து ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது. "நொடிச்சட்டம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஜன்னல் ஆசாரியிடம் சொல்லிச் செய்ய வேண்டிய சாமான் மாதிரி இருக்கிறது என்று பையன் சிரிக்கிறான். யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?

கோத்தகிரியிலிருந்து