உயில் இல்லாமல் இறந்தவரின் காகிதக் கட்டு

என் கணவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலத்தின் ரோவன் கவுண்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி). மாமியாருக்கு வயதாகிறது. தன் தாத்தாவின் தாத்தா யாருடைய பிள்ளை என்று தெரிந்தால் போதும் என்றார். அதற்காகத்தான் தேட ஆரம்பித்தேன்.

1850 வரை பின்னோக்கிப் போவது சுலபம். அந்த வருடத்து சென்சஸில்தான் முதன்முறையாக, அடிமைகளாக இல்லாத எல்லோருடைய பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் இருக்கிறது. அதற்கு முன்னால், 1790 முதல் 1840 வரை, குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி மக்கள் எல்லாம் வயதுவாரியாகப் போட்ட எண்கள். 1830-இல் ரோவனில் இருந்த குடும்பம் 1840-இல் டேவி கவுண்ட்டியில் இருக்கிறது. அவர்கள் இடம் மாறவில்லை. 1836-இல் ரோவனைப் பிரித்து டேவியை உருவாக்கினார்கள், அவ்வளவுதான். தேடுகிறவர்கள் கவுண்ட்டி பிரிந்த வருடங்களை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1820 சென்சஸில் ஒரே பெயரில் இரண்டு குடும்பத் தலைவர்கள். எங்களவர் இந்த இருவரில் யாருடைய மகன் என்பதை சென்சஸ் சொல்லவே சொல்லாது. புரோபேட் காகிதங்கள், அதாவது இறந்தவரின் சொத்தைத் தீர்க்க கோர்ட்டில் சேர்ந்த காகிதங்கள், சொல்லின. அந்த இருவரில் ஒருவர் 1820-களில் உயில் எழுதாமலேயே இறந்திருக்கிறார். ஒரு வகையில் அது எங்கள் அதிர்ஷ்டம். உயில் இல்லாததால் எல்லாமே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது: நிர்வாகி கொடுத்த ஜாமீன் பத்திரம், சொத்துப் பட்டியல், ஏலக் கணக்கு, நிலத்தைப் பாகம் பிரிக்கக் கேட்ட மனு. மூலக் காகிதங்கள் மாநிலத் தலைநகர் ராலேயில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்டவற்றில் நிறைய ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பாக மனுவில் பிள்ளைகள் எல்லோர் பெயரும், மகள்களுக்கு வாய்த்த கணவர்கள் பெயரும் இருந்தன. எங்களவர் மூன்றாவது மகன். மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் நான் அந்தக் கட்டை மூடவில்லை. ஏலக் கணக்கில் யார் என்ன வாங்கினார்கள் என்று வரிவரியாக இருக்கிறது. விதவை தன் வீட்டு இரும்புச் சட்டியையும் தறியையும் தானே காசு கொடுத்து எடுத்திருக்கிறாள். எந்த சென்சஸிலும் அவள் பெயர் இல்லை, இங்கேதான் முதல் முறையாக வருகிறது.

சொத்துப் பட்டியலில் பசுக்களுக்கும் கலப்பைக்கும் நடுவே ஒரு பெண், அவளுடைய இரண்டு குழந்தைகள். குடும்பப் பெயர் கிடையாது. வெறும் பெயரும் வயதும் விலையும் மட்டும். பாகம் பிரிக்கும்போது தாய் ஒரு பங்குக்கும், ஆறு வயதுப் பையன் வேறொரு பங்குக்கும் போயிருக்கிறார்கள். சம மதிப்பு வர வேண்டும் என்று ரொக்கத்தால் ஈடுகட்டி எழுதியிருந்தார்கள். இதை மாமியாரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, இந்தப் பெயர்களைத் தேடுகிறவர்கள் இருப்பார்களே என்றார்.

உண்மைதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும்தான் பெரும்பாலும் இருக்கும். விடுதலை பெற்றவர்களைப் பெயரோடு எழுதியது 1870 சென்சஸ்தான். அதற்கு முன்னால் போக வேண்டிய கறுப்பினக் குடும்பங்களுக்கு, அவர்கள் முன்னோரை வைத்திருந்தவர்களின் புரோபேட் காகிதங்கள்தான் பெரிய வழி. எங்கள் முன்னோர் கட்டில் இருந்த எல்லாப் பெயர்களையும், வயது, வருடம், யார் பங்குக்குப் போனார்கள் என்பதோடு தட்டச்சு செய்து, அந்த ஊர் நூலகத்தின் வரலாற்றுப் பிரிவில் கொடுத்துவிட்டோம். உங்கள் தேடலில் இப்படி வந்தால் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

அந்தப் பையன் பெயரிலேயே, அதே வயதுக் கணக்கில், 1870-இல் டேவியில் ஒருவர் இருக்கிறார். பெயரும் வயதும் பொருந்தினால் மட்டும் போதாது. விடுதலைக்குப் பிறகு, 1866-இல், கணவன் மனைவியாக வாழ்ந்துவந்தவர்களின் திருமணத்தை இந்த மாநிலத்தில் பதிந்தார்கள். அடுத்து அந்தப் பதிவேடுகளைப் பார்க்கப் போகிறேன். அவற்றில் தேடிய அனுபவம் உள்ளவர்கள் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள்.