காரம் விட்டும் வீழ்படிவு வராத குடுவை

பிப்பெட்:
முதுநிலை ஆய்வின்போது, இறால் ஓட்டிலிருந்து பெறும் நீண்ட சங்கிலி மூலக்கூறான கைட்டோசானைக் குறுஞ்சங்கிலிகளாக அறுப்பதற்காக, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 70 டிகிரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். 2 மணி நேரத்தில் எடுத்திருக்க வேண்டும்; திரும்பும்போது மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பசையாக உப்பிக் கிடந்த தூள், கடுங்காப்பி நிறத்தில் தண்ணீராக ஓடியது. பனிக்கட்டியில் வைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிஎச் 7ஐத் தாண்டி 9ஐத் தொட்டும் வெள்ளையாக ஒரு திரள்கூட விழவில்லை. கெட்டுப்போயிற்று என்று ஊற்றிவிட்டேன். காரத்தில் வீழ்படிவது நீண்ட சங்கிலிகளே என்பதும், நான் தேடிய குறுஞ்சங்கிலிகள் அந்த நீரில்தான் கரைந்திருந்தன என்பதும் ஆறு மாதம் கழித்தே புரிந்தது.

இறால்ஓடு:
ஊற்றியதற்கு வருந்தாதீர்கள். மூன்றரை மணி நேரத்தில் கணிசமான பங்கு சங்கிலியின் தனி அலகான குளுக்கோசமைனாகவே போயிருக்கும். அசெட்டைல் தொகுதி தாங்கிய அலகை அடுத்துள்ள பிணைப்பை அமிலம் விரைவாக அறுக்கிறது; அமினோ தொகுதி நேர்மின்சுமை ஏற்றிருக்கும் இடத்தில் வரும் புரோட்டான் விலக்கப்படுவதால் அங்கே வேகம் குறைகிறது. ஆகவே எல்லாம் ஒரே நீளத்தில் துண்டாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்த என் குடுவையின் அடியில் மறுநாள் வெண்படிகங்கள் மின்னியபோது, குறுஞ்சங்கிலி கிடைத்துவிட்டதென்று வழிகாட்டியிடம் ஓடினேன். அது குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு. 1876இல் ஜெர்மன் ஆய்வாளர் லெடர்ஹோஸ் சிங்கி இறால் ஓட்டிலிருந்து எடுத்த அதே படிகத்தை நான் புதிதாகக் கண்டுபிடித்திருந்தேன்.

குடுவை:
அமிலம் என்றால் ஹைட்ரோகுளோரிக் மட்டுமே என்பதுபோல இருவரும் எழுதுவது சரியன்று. நைட்ரஸ் அமிலமும் சங்கிலியை அறுக்கும்; அதில் எனக்கு நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது, அவ்வளவுதான். கைட்டோசானை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் நைட்ரைட்டை அளந்து, அறை வெப்பநிலையிலேயே சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும்; நைட்ரஸ் அமிலம் அங்கேயே உருவாகும். சங்கிலியின் நீளத்தை முடிவுசெய்வது கடிகாரமன்று, நைட்ரைட்டின் அளவு. நைட்ரஜன் வெளியேறுவதால்தான் நுரை வருகிறது. ஆகவே பெரிய குடுவையை எடுங்கள், புகைபோக்கிப் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள். அறுபட்ட முனையில் 2,5-அன்ஹைட்ரோமேனோஸ் என்ற, எளிதில் வினைபுரியும் வேறொரு சர்க்கரை அலகு நிற்கும் என்பதை மறந்து, அதைச் சாதாரணக் குறுஞ்சங்கிலியாக எண்ணிப் பயன்படுத்தாதீர்கள். முனையை அடக்கச் சோடியம் போரோஹைட்ரைடு போதும். உலர்த்துவதற்குச் சூட்டடுப்பு வேண்டாம், பழுப்பாகிவிடும். உறைய வைத்து உலர்த்துங்கள்.

பிப்பெட்:
ஐயா, நான் ஊற்றிவிட்டேன் என்று மட்டுமே எழுதியிருந்தேன்.