மறு: டிமாண்ட் ரெகுலேட்டர் – ‘கேட்புச் சீராக்கி’ சரிவருமா?

> இன்ஜின் கேட்கும்போது மட்டும் வாயு தருவதால் ‘கேட்புச் சீராக்கி’ எனலாம். ஜீரோ கவர்னர் என்ற பெயரும் இருப்பதால் ‘சுழிய ஆளி’யும் பொருந்தும்.

ஐயா, வணக்கம். கேஸ் ஜெனரேட்டரில் இன்ஜினுக்கு வாயுவைத் திறந்துவிடும் பாகமான டிமாண்ட் ரெகுலேட்டருக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

‘கேட்பு’ என்றாலே வங்கியின் கேட்பு வரைவோலைதான் நினைவுக்கு வருகிறது. ‘ஆளி’ இலங்கைப் பாடநூல்களில் சுவிட்ச். முன்பு ஒருவர் சொன்ன ‘சுழிய ஆளுநர்’ பற்றிப் பேசவே வேண்டாம், அரசியல் ஆகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பால் பண்ணை, அரிசி ஆலைகளுக்கு கேஸ் ஜெனரேட்டர் மாட்டித் தருகிறேன். கேரளாவானாலும் இங்கே வேலையாட்கள் வாசிப்பது தமிழ்தான். முதலாளி மலையாளத்தில் அறிவிப்புப் பலகை வைத்தால் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தச் சொல் அகராதிக்கு அல்ல, ஜெனரேட்டர் அறைச் சுவருக்கு.

பெயர் வைக்குமுன் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கேஸ் சிலிண்டருக்குள் (இங்கே ‘குற்றி’ என்பார்கள், மலையாள வழக்கு) வெயிலைப் பொறுத்து சதுர செ.மீ.க்கு 5, 6 கிலோ அழுத்தம் இருக்கும். முதல் ரெகுலேட்டர் அதை அடுப்புக்குப் போகிற அளவுக்கு, ஏறக்குறைய 30 செ.மீ. உயரத் தண்ணீர் தருகிற அழுத்தத்துக்கு இறக்குகிறது. பிறகு கை வால்வு, ஃபில்டர், சோலனாய்டு (கரண்டில் திறக்கும் வால்வு). கடைசியில்தான் நம் ஆள், டிமாண்ட் ரெகுலேட்டர். அவனுக்கு அப்பால் குழாயில் அழுத்தமே இருக்கக்கூடாது. இன்ஜின் சுழன்று, வாயுவும் காற்றும் கலக்கும் மிக்ஸரில் உறிஞ்சல் உண்டானதும் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு இழுபடும். நெம்புகோல் அசைந்து வாய் திறக்கும். இன்ஜின் நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும்.

ஆக, முதல் ரெகுலேட்டர் தள்ளிக் கொடுக்கிறது, இது இழுத்தால்தான் கொடுக்கிறது. இரண்டுக்கும் ‘சீராக்கி’ என்று பெயர் வைத்தால் புதிதாக வருகிற பையன் இரண்டையும் ஒரே சாமான் என்று நினைப்பான். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இதன் திருகையும் திருப்பிப் பார்ப்பான். அல்லது ஸ்டார்ட் செய்யக் கையால் கொஞ்சம் வாயு விடுகிற பிரைமர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பான். பட்டன் அழுந்தியிருக்கும்வரை இன்ஜின் ஓடாமலே வாயு போய்க்கொண்டிருக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எவ்வளவு வீசினாலும் தரையோரச் சாக்கடையில் தேங்கியது அங்கேயேதான் கிடக்கும்.

அதனால் நான் முன்வைப்பது: உறிஞ்சுதிறப்பி. ஊராட்சிக்காரர்கள் தோண்டுகிற உறிஞ்சு குழியால் ‘உறிஞ்சு’ எல்லார் வாயிலும் இருக்கிற சொல்.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

> உறிஞ்சு குழியால் ‘உறிஞ்சு’ எல்லார் வாயிலும்

தம்பி, ஒரு சின்ன இடறல். உறிஞ்சு குழியில் உறிஞ்சுவது குழி. உறிஞ்சுகுழலில் குழல். உறிஞ்சுதிறப்பியில் உறிஞ்சுவது திறப்பி அல்லவே, இன்ஜின் அல்லவா? ‘உறிதிறப்பான்’ என்று சுருக்கினால் என்ன? அல்லது மெக்கானிக்குகள் பேச்சிலிருந்தே எடுத்து ‘இழுப்புத் திறப்பி’?

*

ஐயா,

வினைத்தொகையில் யார் செய்கிறார் என்பது இடத்தைப் பொறுத்தது. ‘சுடுகாடு’ தானாகவா சுடுகிறது? ‘குடிநீர்’ எதையும் குடிப்பதில்லை. உறிஞ்சும்போது திறப்பது என்று விரித்துக்கொண்டால் போதும்.

‘உறி’ வேண்டாம். எங்கள் அம்மாவுக்கு உறி என்றால் தயிர்ப் பானை தொங்குவது, கண்ணன் பண்டிகைக்கு உறியடி. ‘இழுப்பு’ எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் இங்கே அது மூச்சிரைப்பு நோய். பலகையைப் பார்த்துவிட்டு யாராவது மருந்து கேட்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. டயஃப்ரத்தின் மறுபக்கம் வெளிக்காற்றைப் பார்த்து ஒரு சின்னத் துளை இருக்கும். தென்னந்தோப்பு ஓரத்து அறைகளில் குளவி அதில் மண்ணை வைத்து அடைத்துவிடும், சுண்டுவிரல் நுனி அளவு கூடு. பிறகு டயஃப்ரம் ஒழுங்காக அசையாது. வாய் சரியாகத் திறக்காது, அல்லது லோடு ஏறும்போது திணறும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்க்கிறவர்கள்கூட இந்தத் துளையை எட்டிப் பார்ப்பதில்லை. பெயரில் ‘திறப்பு’ இருந்தால், திறக்கவில்லை என்றதும் திறப்பியைத்தானே முதலில் பார்க்கத் தோன்றும்? ‘கேட்பு’ அந்தத் துப்பைத் தராது.

2021 ஜனவரியில் கொச்சி–மங்களூர் குழாய் திறந்தபின் இயற்கை எரிவாயுவைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். வாயு மாறினால் மிக்ஸரையும் அழுத்தத்தையும் திருத்த வேண்டும். அது காற்றைவிட லேசு என்பதால் காற்றுவழியைக் கூரைப் பக்கம் வைக்க வேண்டும். உறிஞ்சுதிறப்பியின் வேலை மட்டும் மாறாது. எரிபொருளின் பெயரைச் சொல்லில் சேர்க்காததற்கு அதுதான் காரணம்.

பலகைக்கு எழுதி வைத்திருப்பது இது:

உறிஞ்சுதிறப்பியின் திருகைத் தொடாதே. காற்றுத்துளையில் குளவிக் கூடு இருக்கிறதா பார். பிரைமர் பட்டனை அழுத்திப் பிடிக்காதே. வாயு நாற்றம் வந்தால் குற்றியை மூடு, எந்த சுவிட்சையும் போடாதே.

முதல் வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் டிமாண்ட் ரெகுலேட்டர் என்றும் போட்டிருக்கிறேன், உதிரிபாகக் கடையில் கேட்க அது வேண்டும். சோலனாய்டுக்கு ‘மின்னடைப்பி’. கரண்ட் போனால் அடைத்துக்கொள்வது என்பதால் அதில் எனக்குச் சந்தேகமில்லை. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குத்தான் பெயின்டர் வருகிறார்.